நிறைந்த டேங்கும் நின்றுபோகும் வண்டியும்

அந்தப் பனிக்காலத்தில் ஜெனிட்டாவின் வண்டி பன்னிரண்டு முறை நடுவழியில் நின்றது. பன்னிரண்டும் காலை வேளையில், பனி ஈரம் காயாத ரோட்டில்.

கோலார் பக்கம் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வேண்டியவர்கள் லேபுக்கு வரமுடியாதபோது, அவளே அவர்கள் வீட்டுக்குப் போய் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஒன்பதரைக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒன்பது வருஷமாக இந்த வேலைதான். டவுனுக்குள் இருந்தவரை நடந்தும் ஆட்டோவிலும் சமாளித்தாள். கிராமங்களையும் அவள் தலையில் கட்டியபோதுதான் வண்டி தேவைப்பட்டது.

வண்டி வீட்டிலேயே இருந்தது. அவள் கணவன் ஜோஸின் அண்ணன் கிளாரன்ஸ் ஓசூருக்குக் குடிபோனபோது விட்டுப்போன நூறு சிசி பைக். ஸ்கெலட்டன் என்ற பழைய சுரங்கக் குடியிருப்பில் அவர்கள் இருந்த லைன் வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், ஒன்றரை வருஷம் கோணிப்பை போர்த்திக்கொண்டு நின்றது. ஜோஸ் பெங்களூருக்குத் தினமும் முதல் ரயிலில் போய்வருகிறவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மைதானத்துக்குக் கூட்டிப்போய் அவளுக்கு கியர் போடக் கற்றுக்கொடுத்தான். இரண்டே ஞாயிறுகளில் அவள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

பழைய காலத்து வண்டி அது. இப்போது வருகிற வண்டிகளில் எவ்வளவு பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்பதை ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. இதில் அப்படி எதுவும் கிடையாது. மேலே டேங்க், கீழே கார்புரேட்டர், நடுவில் ஒரு ரப்பர் டியூப். பெட்ரோல் தன் கனத்தினாலேயே கீழே இறங்கி வரும், கார்புரேட்டர் அதைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

நிற்கும்போதும் அது சட்டென்று நிற்காது. முதலில் லேசாகத் தளரும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் திருகின அளவுக்கு வேகம் வராது. பிறகு இரண்டு விக்கல். பிறகு ஒரு சத்தமும் இருக்காது, அவள் ஹெல்மெட்டுக்குள் அவள் மூச்சு மட்டும் கேட்கும். ஓரமாகத் தள்ளி நிறுத்தி, டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பாள். உள்ளே பெட்ரோல் பளபளவென்று தளும்பிக்கொண்டிருக்கும். மூடிவிட்டு, டேங்க் மேல் கையை வைத்து, கண்ணை மூடி, “ஆண்டவரே, இந்த ஒரு தடவை” என்று சொல்லி உதைப்பாள். முதல் உதையிலேயே வண்டி உயிர் பெற்றுவிடும். ஜோஸ் கேட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பத்துத் தடவை கேட்டு பத்துத் தடவையும் கொடுத்தவரைப் பற்றி அவளால் எப்படிச் சிரிக்க முடியும்?

ஆனாலும் வண்டியை மஞ்சுநாத்திடம் காட்டத்தான் செய்தாள். ஆண்டர்சன்பேட்டை சர்ச்சுக்குப் பின்சந்தில் அவன் மெக்கானிக் கடை வைத்திருந்தான். நாற்பது வயதுக்காரன், கைராசிக்காரன் என்று பெயர். எங்கெங்கிருந்தோ பழைய வண்டிகளைத் தள்ளிக்கொண்டு அவனிடம் வருவார்கள். கேட்டவுடனேயே அவன் சொல்லிவிட்டான், இது கரண்டு கோளாறு இல்லை, பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்று. கரண்டு கோளாறு என்றால் வெட்டி நிறுத்தின மாதிரி நிற்குமாம். இப்படித் தளர்ந்து தளர்ந்து நிற்பது பட்டினியாம்.

அந்தப் பட்டினிக்குக் காரணம் தேடி அவன் மூன்று முறை வண்டியைப் பிரித்தான். முதல் முறை கார்புரேட்டரைக் கழற்றி, தலைமுடி நுழைகிற அளவே ஓட்டையுள்ள ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து, சூரியனுக்கு நேரே பிடித்து அவளுக்கும் காட்டினான். அந்தப் பித்தளைத் துண்டுக்குள் ஒரு ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தது. அந்த இத்துனூண்டு வழியாகத்தான் வண்டி இத்தனை தூரம் ஓடுகிறது என்று நினைக்கவே அவளுக்கு வியப்பாக இருந்தது. இரண்டாவது முறை டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்கும் இடத்தில் இருந்த சல்லடையை மாற்றினான். மூன்றாவது முறை ரப்பர் டியூப், கார்புரேட்டருக்குள் இருக்கும் மிதவை, அதன் ஊசி, எல்லாவற்றையும் பார்த்தான்.

ஒவ்வொரு முறையும் வேலை முடிந்து மத்தியானம் அவனே வண்டியை பேத்தமங்கலம் வரை ஓட்டிப் பார்ப்பான். அது ஒருமுறைகூட நின்றதில்லை. மறுவாரம் காலையில் அவள் ஓட்டினால் நின்றுவிடும்.

நான்காவது முறை அவள் போய் நின்றபோது அவன் முகம் கொஞ்சம் மாறியிருந்தது. “கோவிச்சிக்காதீங்க சிஸ்டர். சோக்கு போட்டுகினே ஓட்டறீங்களா? இல்ல, பெட்ரோல் குழாயத் திறக்காம கிளம்பிடறீங்களா?” என்று கேட்டான்.

ஜெனிட்டாவுக்குக் காது சூடேறிப்போனது. கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டு எடுத்தாள். லேபில் ஒரு துளி ரத்தத்துக்கே யாருடையது, எத்தனை மணிக்கு எடுத்தது, சாப்பிட்டாரா இல்லையா என்று எழுதுகிறவள் அவள். அதே மாதிரி வண்டிக்கும் கோடு போட்டாள். தேதி, மணி, புறப்பட்டு எத்தனை கிலோமீட்டரில் நின்றது, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், வெயிலா பனியா, நான் என்ன செய்தேன், எத்தனை நிமிஷத்தில் கிளம்பியது.

மூன்று வாரம் எழுதினாள். எழுத எழுத அதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது, ஆனால் அது புத்திக்கு எட்டாத ஒழுங்காக இருந்தது. திங்கட்கிழமை அவள் டேங்கை நிரப்புவாள். திங்கட்கிழமை எட்டாவது கிலோமீட்டரில் வண்டி நின்றுவிடும். புதன்கிழமை, பாதி தீர்ந்திருக்கும்போது, பதினைந்து பதினாறு வரை ஓடும். சனிக்கிழமை, அடியில் கொஞ்சமே கிடக்கும்போது, அநேகமாக நிற்கவே நிற்காது.

பெட்ரோல் அதிகமாக இருந்தால் சீக்கிரம் நிற்கிறது. குறைவாக இருந்தால் ஓடுகிறது.

நோட்டைக் கொண்டுபோய் மஞ்சுநாத்திடம் காட்டினாள். அவன் மரியாதையாகவே முழுதும் படித்தான். படித்துவிட்டு, வயிறு நிறைந்தவனுக்குப் பசிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே சிஸ்டர் என்றான். கிண்டல் இல்லை அது. அவனுக்கும் புரியவில்லை. அவளுக்கே தன் கையெழுத்து பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

அதற்கடுத்த திங்கட்கிழமை பூதிகோட்டையில் பார்வதம்மா என்ற அம்மாவுக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. அறுபது வயது, ராகியும் தக்காளியும் போட்டு வாழ்கிற குடும்பம். டெங்கு வந்து படுத்துவிட்டாள். பிளேட்லெட் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் எண்ணிக்கை தெரிந்தால்தான், வீட்டில் வைத்திருக்கலாமா கோலாருக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று டாக்டர் சொல்லமுடியும்.

ஆறு மணிக்குக் கிளம்பினாள். டேங்க் நிறைந்திருந்தது. மழை என்று சொல்லமுடியாத ஒரு தூறல். எட்டாவது கிலோமீட்டரில், சொல்லிவைத்தாற்போல, தளர்ச்சி, இரண்டு விக்கல், அமைதி.

தூறல் உள்ளே விழுந்துவிடுமே என்று அன்றைக்கு அவள் மூடியைத் திறக்கவில்லை. கையை வைத்து ஜெபம் மட்டும் செய்தாள். உதைத்தாள். வண்டி அசையவில்லை. மறுபடி ஜெபித்தாள், மறுபடி உதைத்தாள். ரோட்டில் ஒரு ஆள் இல்லை. அறுத்துப் போட்ட ராகிக் கொல்லையின் மேல் பனி நின்றுகொண்டிருந்தது. வண்டிக்காக அவள் பயப்படவில்லை, பார்வதம்மாவுக்காகக்கூட அந்த நிமிஷம் பயப்படவில்லை. இத்தனை நாள் கேட்டதும் கொடுத்தவர் இன்றைக்கு ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றுதான் அவள் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. பதினெட்டு நிமிஷம் கழித்து, என்ன நினைத்ததோ, ஒரே உதைக்கு வண்டி கிளம்பிவிட்டது. அந்த நேரத்திலும் நோட்டை எடுத்து எழுதினாள்: மூடி திறக்கவில்லை. ஜெபம் மட்டும். பதினெட்டு நிமிஷம்.

பூதிகோட்டையில் அவள் போய் இறங்கியபோது மருமகள் ஷில்பா வாசலுக்கே ஓடிவந்தாள். பக்கத்துத் தெரு நர்ஸ் ஆறரைக்கு வந்து குளுக்கோஸ் போட்டுவிட்டு இன்னொரு வீட்டுக்குப் போயிருந்தார். இப்போது குளுக்கோஸ் இறங்கவில்லையாம். பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறதாம். அத்தையின் உடம்பு இனி மருந்தை ஏற்றுக்கொள்ளாதோ என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஜெனிட்டா உள்ளே போனாள். தொட்டில் கட்டுகிற கொக்கியில் பாட்டில் தலைகீழாகத் தொங்கியது. பார்வதம்மாவின் கையைப் பார்த்தாள். வீக்கமில்லை, ஊசி நல்ல இடத்தில்தான் இருந்தது. டியூபைக் கையால் தடவிக்கொண்டே மேலே போனாள். மடிப்பு இல்லை, அடைப்பு இல்லை, சொட்டைக் கூட்டிக் குறைக்கிற சக்கரம் திறந்துதான் இருந்தது. பாட்டிலில் நீர் இருந்தது, வழி இருந்தது, ஆனால் சொட்டு இல்லை.

பிறகு பாட்டிலையே பார்த்தாள். அதன் இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிப்போய், பட்டினி கிடந்தவன் வயிறு மாதிரி இருந்தது. நிமிர்ந்து பாட்டிலின் மேல்பக்கத்தைப் பார்த்தாள். காற்றுப் போக அங்கே ஒரு ஊசி குத்தியிருக்க வேண்டும். அது இல்லை.

நர்ஸுக்குப் போன் போட்டாள். அவர் அவசரத்தில் மறந்துவிட்டதாகவும், நீயே ஒன்று குத்திவிடு கண்ணு என்றும் சொன்னார். ஜெனிட்டா தன் பையிலிருந்து புது ஊசி ஒன்றைப் பிரித்து, மருந்தால் துடைத்து, பாட்டிலின் தலையில் குத்தினாள்.

உஸ் என்று ஒரு மெல்லிய சத்தம். பாட்டிலின் ஒட்டிய பக்கங்கள் மெதுவாக நிமிர்ந்து தங்கள் இடத்துக்கு வந்தன. பாட்டிலுக்குக் கீழே சொட்டு விழுகிற சின்னக் குப்பியில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நிற்காமல்.

இதை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அப்படியே நின்றுவிட்டாள்.

பார்வதம்மா கண்ணைத் திறந்து, “இன்னாம்மா, மருந்து கெட்டுப்போச்சா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. பாட்டிலுக்கு மூச்சு முட்டிகினு இருந்துச்சு,” என்றாள் ஜெனிட்டா. சொன்ன வார்த்தை அவள் காதிலேயே மறுபடி விழுந்தது. நீர் கீழே இறங்கவேண்டும் என்றால் அது காலிசெய்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். காற்று வராவிட்டால் உள்ளே இருக்கிற கொஞ்சக் காற்று இழுபட்டு மெலிந்து, நீரைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்கிறது. அப்படியென்றால் டேங்க் நிறைந்திருக்கும்போது உள்ளே காற்று எவ்வளவு? ஒரு டம்ளர்கூடத் தேறாது. அது எட்டாவது கிலோமீட்டரிலேயே இழுபட்டுத் தீர்ந்துவிடும். டேங்க் காலியாக இருந்தால் உள்ளே முழுக்கக் காற்று. அது இழுபட எத்தனையோ மைல் ஆகும். காலையில் அந்தப் பதினெட்டு நிமிஷத்தில் மூடியின் ஓரமாகக் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போயிருக்கும்.

நோட்டு பொய் சொல்லவில்லை.

பார்வதம்மாவின் இன்னொரு கையில் ரத்தம் எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். தூறல் நின்றிருந்தது. வழியில் வண்டி நிற்கவேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவள் விரும்பினாள். பத்து கிலோமீட்டர் போவதற்குள் அது நின்றது.

ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினாள். இத்தனை நாளும் அதைக் கழற்றாமலே மூடியைத் திறந்திருக்கிறாள். குனிந்து, டேங்க் மேல் காதை வைத்தாற்போல் வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பி மூடியை மெல்லத் தூக்கினாள்.

வண்டி மூச்சு இழுத்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து தலையைத் தூக்கியவன் இழுப்பது மாதிரி, நீளமாக, உள்ளே, ஆழத்துக்கு. அவள் கன்னத்தை உரசிக்கொண்டு காற்று அந்த இருட்டுக்குள் போனது.  அந்தப் பெரிய ரோட்டில், அத்தனை காற்றுக்கு நடுவில், ஒரு பிடி காற்று கிடைக்காமல் இந்த இரும்பு செத்து நின்றிருக்கிறது.

மூடினாள், உதைத்தாள், கிளம்பியது. அன்றைக்கு ஜெபம் பின்னால் வந்தது. ஓட்டிக்கொண்டே ரொம்ப நேரம் பேசிக்கொண்டு போனாள். மூடியைத் திறக்கவேண்டும் என்று அவள் கைக்குத் தோன்றவைத்தது யார் என்ற கேள்வி அவளுக்குள் இருந்தது. 

ஒன்பது இருபதுக்கு ரத்தத்தை லேபில் சேர்த்தாள். நேரே மஞ்சுநாத் கடைக்குப் போய், குளுக்கோஸ் பாட்டிலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். வந்து டேங்க் மூடியைக் கழற்றி, கரித்துணியால் துடைத்து, அதன் அடிப்பக்கத்தில் வாயை வைத்து ஊதினான். கன்னம் உப்பியது. காற்று போகவில்லை. மறுபடி ஊதினான். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

“மத்தியானத்துல எனக்கு நிக்கலையே,” என்றான், தனக்குத்தானே. பிறகு அவனே மெதுவாகப் பதிலும் சொல்லிக்கொண்டான். வெயிலில் பெட்ரோல் ஆவியாகி உள்ளே இடத்தை நிரப்பியிருக்கும். அதோடு அவன் ஓட்டிப்பார்க்க ஊற்றியது எப்போதும் அரை லிட்டர்தான். அவள் நோட்டில் எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. அவன் செய்த ஒவ்வொரு சோதனையும் உண்மையை மறைக்கிற சோதனை.

மூடியின் மேல்தகட்டில் மூன்று திருகாணிக்கு இடம் இருந்தது. இரண்டுதான் இருந்தன. மூன்றாவது எப்போதோ விழுந்துபோய், அந்த ஓட்டையில் அழுக்கு மாதிரி ஏதோ படிந்திருந்தது. இரண்டையும் கழற்றி, தகட்டைத் தூக்கினான். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

உள்ளே ஒரு வீடு இருந்தது.

சிவப்பு மண்ணால் கட்டியது. கட்டைவிரல் நகம் அளவு. வெளிச்சுவர் சொரசொரப்பாகவும், உள்சுவர் சட்டியின் உட்புறம் போல வழவழப்பாகவும் இருந்தது. வண்டி கொட்டகையில் கோணிப்பைக்கு அடியில் நின்ற நாளில் ஒரு சின்னக் குளவி அந்தத் திருகாணி ஓட்டை வழியாக நுழைந்து, வாயால் மண் சுமந்து வந்து வந்து கட்டியிருக்கிறது. காற்று போவதற்கென்று வைத்த துளை, குண்டூசித் தலை அளவு, சரியாக அந்த வீட்டின் தரைக்கு அடியில் புதைந்திருந்தது.

மஞ்சுநாத் ஒரு ஊசியால் மண்ணை மெல்ல நெம்பினான். வீடு உடையாமல் முழுதாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே கடுகளவு கடுகளவாகச் சிலந்திகள், காய்ந்து, கால்களை மடக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. குஞ்சுக்குத் தீனியாகத் தாய் கொண்டுவந்து வைத்தது. மூலையில் வெங்காயத் தோலைவிட மெல்லிய ஒரு பழுப்பு உறை, ஒரு முனை திறந்து கிடந்தது. தின்றது போக மீதியை விட்டுவிட்டு, குஞ்சு வளர்ந்து, கூரையைக் கடித்துத் துளைத்து எப்போதோ பறந்து போயிருந்தது.

மஞ்சுநாத் சிலந்திகளை எண்ணினான். ஏழு இருந்தன. இருபது வருஷமாக மற்றவர்கள் கட்டியதைப் பிரித்துப் பார்த்தே பழகின கை, அந்த மண்ணைப் பிடித்திருந்த விதமே வேறாக இருந்தது.

“அளவு டேப்பு இல்ல, வெளிச்சம் இல்ல. எப்படி கட்டிகீது பாருங்க,” என்றான். மண்வீட்டைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு மற்றதைச் சொன்னான். “நான் பெட்ரோல் வர்ற வழியையே பார்த்துகினு இருந்தேன் சிஸ்டர். காத்து வர்ற வழிய பாக்கவே இல்ல. அன்னிக்கு நாலு பேர் எதிர்ல உங்கள அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.”

 ஜெனிட்டா அன்றைய கோபத்தைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அதை எனக்குக் கொடுக்கிறீர்களா என்று மண்வீட்டைக் காட்டிக் கேட்டாள். சாம்பிள் போடுகிற சின்னப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் பஞ்சு வைத்து, அதன்மேல் அவனே அதை இறக்கிவைத்தான். பிறகு துளையைச் சுத்தம் செய்து மறுபடி ஊதினான். இந்தப் பக்கம் அவள் உள்ளங்கையில் காற்று பட்டது. மூன்றாவது திருகாணியையும் தேடி எடுத்துப் போட்டு முடுக்கினான்.

அந்த வாரம் முழுக்க அவள் தினமும் டேங்கை நிரப்பிக்கொண்டே போனாள். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. பார்வதம்மாவின் எண்ணிக்கை புதன்கிழமை இறங்குவதை நிறுத்தியது, வெள்ளிக்கிழமை ஏறத் தொடங்கியது. கோலாருக்குக் கொண்டுபோகத் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கடைசியாக ரத்தம் எடுக்கப் போன அன்று பார்வதம்மா வெயிலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ஜெனிட்டா டப்பாவைத் திறந்து காட்டினாள். கதையை ஷில்பாவும் உட்கார்ந்து கேட்டாள். பார்வதம்மா டப்பாவைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். அந்தத் தாய்க் குளவி இந்த மண்ணுக்கு எத்தனை தடவை போய்வந்திருக்கும் என்று கேட்டாள். 

பிறகு கையை நீட்டினாள். ஜெனிட்டா நரம்பைத் தடவிப் பார்த்து ஊசியைச் செலுத்தி, மறுமுனையில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினாள். அந்தக் குழாய்களைச் செய்யும்போதே உள்ளே இருக்கும் காற்றை எடுத்துவிட்டுத்தான் மூடுவார்கள். யாரும் இழுக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு முப்பது குழாய், ஒன்பது வருஷம், அவள் மூடியின் நிறத்தையும் நிறையும் அளவையும் தவிர வேறொன்றைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். உள்ளே ஒன்றுமே இல்லாத அந்த இடம், ஒன்றுமே இல்லாததினாலேயே, ஒரு மனுஷியின் ரத்தத்தைத் தானாக வாங்கிக்கொண்டது. வெயில் பட்டு அது அடர்ந்த சிவப்பாக, சுவரோடு சுழன்று, குறித்த கோடு வரை ஏறி, அங்கே நின்றது.

“ஆச்சாம்மா?” என்றாள் பார்வதம்மா.

“ஆச்சும்மா,” என்றாள் ஜெனிட்டா. ஆனால் குழாயை உடனே பெட்டியில் வைக்காமல், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.